முதுகு யாருடைய சொத்து?

முதுகு நிறைய ஒரு பறக்கும் நாகம். வால் தொடையைச் சுற்றிக் கிடக்கிறது. தலை தோளைத் தாண்டி மார்பை எட்டிப் பார்க்கிறது. இடையிலே அலை, மேகம், தாமரை. ஒரு மனிதனின் தோலில் இவ்வளவையும் பச்சை குத்தி முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? முதுகுக்கு மட்டுமே 40 மணி, 50 மணி என்று போகும். ஒரு நாளைக்கு 6 மணி, 8 மணி குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும். புண் ஆற இரண்டு மூன்று வாரம். பிறகு மறுபடியும் படுக்க வேண்டும். உடம்பு முழுவதும் என்றால் வருஷக் கணக்கு.

இதற்காகவே விமானம் ஏறி, தேசம் விட்டுத் தேசம் போகிறவர்கள் இன்று உலகில் இருக்கிறார்கள். இதற்கென்று மகாநாடுகளும் நடக்கின்றன. மகாநாடு என்றால் நமக்கு விவசாயிகள் மகாநாடும் தொழிற்சங்க மகாநாடும்தான் நினைவுக்கு வரும். இது வேறு மகாநாடு. பெரிய மண்டபத்தில் வரிசை வரிசையாகக் கடை போட்டு, நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் இரைய, சீட்டு வாங்கி வந்த ஜனங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, மனிதர்கள் படுத்துக் குத்திக்கொள்ளும் மகாநாடு!

“இது என்ன கூத்து? பணக்காரன் வீட்டுப் பிள்ளைகளின் கொழுப்பு! இதைப் பற்றித் தொழிலாளி பத்திரிகையில் எழுதுவானேன்?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும். ஏனெனில் மில்லில் வேலை செய்யும் நம் வாலிபர்களின் கையிலும் கழுத்திலும் இன்று பச்சை இருக்கிறது. அதைப் பார்த்து மேஸ்திரி முகம் சுளிக்கிறார். பெரியவர்கள் திட்டுகிறார்கள். தொழிற்சங்கத்தில் இருக்கிற நாமோ சிரித்துவிட்டுப் போகிறோம். சிரிக்கிற விஷயமல்ல இது. தோலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது வர்க்கங்களின் சரித்திரம்.

ஆண்டை போட்ட குறி

மாட்டுக்குச் சூடு போடுவது எதற்காக? இது இன்னாருடைய மாடு என்று ஊருக்குச் சொல்வதற்காக. ஆளும் வர்க்கம் மனிதனையும் அப்படித்தான் நடத்தியது.

ஜப்பானில் 1720-ஆம் ஆண்டில் ஷோகுன் யோஷிமுனேயின் ஆட்சி, மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குப் பதிலாகப் பச்சை குத்தும் தண்டனையைக் கொண்டுவந்தது. திருடினவன் கையில் பட்டைக் கோடு. சில பகுதிகளில் நெற்றியிலேயே குறி. வெளியே வந்த பிறகு அவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? யார் வீட்டுத் திண்ணையில் உட்காரவிடுவார்கள்? தண்டனைக் காலம் முடிந்தாலும் தண்டனை முடியாது!

வெகுதூரம் போக வேண்டாம். நம் நாட்டிலே கும்பினி சர்க்கார் என்ன செய்தது? 1797-ல் வங்காளத்தில் சட்டம் போட்டு, ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் அவர்களுடைய குற்றத்தைப் பச்சை குத்தியது. இந்த வழக்கம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1849-ல்தான் ஒழிந்தது. வரி வசூல் செய்து நாட்டையே கொள்ளையடித்தவன் நெற்றியில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. வயிற்றுக்கில்லாமல் கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்தவன் நெற்றியில்தான் எழுத்து!

இருபதாம் நூற்றாண்டில் ஹிட்லரின் பாசிஸ்டுகள் இதன் உச்சிக்கே போனார்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் உடம்பில் எண்ணைக் குத்தினார்கள். 1941-ல் முதன் முதலாக அந்த ஊசி பட்டது சோவியத் யுத்தக் கைதிகளின் மார்பில். அந்த முகாமை ஒட்டித் தொழிற்சாலை வைத்து, அந்தக் கைதிகளைக் கசக்கிப் பிழிந்தது ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெரிய ரசாயனக் கம்பெனி. பெயர் இல்லை, ஊர் இல்லை, எண் மட்டும். கூலி இல்லாத கூலிக்காரனுக்கு அதுவே போதுமென்று நினைத்தார்கள்.

கூலிக்காரன் தானே உடுத்திய பட்டு

அடிமை எப்போதும் குனிந்தே கிடப்பதில்லை. தன்னைக் குறி வைத்த ஊசியை அவன் ஒரு நாள் தன் கையிலே வாங்கிக்கொள்கிறான்.

டோக்கியோ நகருக்கு அன்று எடோ என்று பெயர். அங்கே பல்லக்குத் தூக்கிகள், தபால் ஓட்டக்காரர்கள், சாரம் கட்டும் கூலிகள், தச்சர்கள், தீயணைக்கும் படைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வேலை நேரத்தில் இவர்களுக்குக் கோவணம்தான் உடை. சாதாரண ஜனங்கள் பகட்டான பட்டு உடுத்தக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவுமேல் உத்தரவு போட்டது. பட்டு உடுத்தக் கூடாதா? சரி, எங்கள் தோலே எங்களுக்குப் பட்டு என்றார்கள் உழைப்பாளிகள்!

1827-ஆம் ஆண்டில் குனியோஷி என்ற ஓவியர் ஒரு படவரிசையை வெளியிடத் தொடங்கினார். இவர் பட்டுக்குச் சாயம் போடும் தொழிலாளியின் மகன். சீனத்து நாவல் ஒன்றில் வருகிற 108 கலகக்காரர்களில் பலரை, அக்கிரம அதிகாரிகளை எதிர்த்துச் சதுப்பு நிலத்தில் ஒதுங்கிப் போராடிய வீரர்களை, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட வண்ணப்படங்களாக அவர் தந்தார். அந்த வீரர்கள் பலருடைய உடம்பு முழுவதும் பச்சை. படம் மலிவு. ஏழையும் வாங்கலாம். வாங்கிய ஏழை அதைச் சுவரில் மட்டும் ஒட்டி வைக்கவில்லை, முதுகிலே குத்திக்கொண்டான். குத்துகிறவருக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘ஹோரிஷி’. செதுக்குகிறவர் என்று அர்த்தம். அச்சுக்கட்டை செதுக்குவதற்கும் தோலில் குத்துவதற்கும் ஒரே வினைச்சொல்தான்.

தீயணைப்புக்காரர்கள் நீரில் வாழும் நாகத்தை முதுகில் குத்திக்கொண்டார்கள். மரவீடுகள் நெருங்கிய நகரம் அது. இன்று போகும் வீட்டிலிருந்து திரும்பி வருவோமா என்பது நிச்சயமில்லை. நாகம் காப்பாற்றும் என்று நம்பினார்கள். நாகம் காப்பாற்றியதா இல்லையா என்பது வேறு விஷயம். பக்கத்தில் நின்ற தோழனின் முதுகிலும் அதே நாகம் இருந்தது. அந்த ஒற்றுமை பொய்யில்லை.

இது ஒரு நாளில் முடிகிற வேலையுமல்ல. மூங்கில் பிடியில் ஊசிகளைக் கொத்தாகக் கட்டி, கையாலேயே உந்தி உந்திக் குத்துவார்கள். முதலில் கோடு, பிறகு நிழல், பிறகு வர்ணம். கூலி கிடைத்தபோது ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கூலி நின்றால் நாகமும் பாதியில் நிற்கும். அரை நாகத்தோடு செத்தவர்களும் உண்டு. சூதாடிகளும் ரவுடிகளும் குத்திக்கொள்ளவில்லையா என்றால், குத்திக்கொண்டார்கள். ஆனால் தொழிலாளியின் முதுகை மறைத்துவிட்டு ரவுடியின் முதுகை மட்டும் காட்டுவது ஆளும் வர்க்கத்தின் பழைய வித்தை.

நம் பாட்டிமார் கைகளையும் பாருங்கள். மஞ்சள் பொடியும் அகத்தி இலையும் சேர்த்துத் துணியில் திரியாகச் சுற்றி, விளக்கெரித்துப் பிடித்த புகைக்கரியில், குறவர் சமூகப் பெண்கள் வீடு வீடாக வந்து குத்திய கோலங்கள் அவை. நடவு நடுகிறவள் கழுத்தில் பொன் இல்லை. ஆனால் கையில் கோலம் இருந்தது. “செத்தால் கூட வருவது இது ஒன்றுதான்” என்பார்கள். வட்டிக்கடைக்காரன் அடகு பிடிக்க முடியாத ஒரே நகை! அந்தக் கோலத்தைக் குத்திய பெண்களுக்கு வெள்ளைக்காரன் என்ன மரியாதை செய்தான்? குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டி, அந்தச் சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலில் எழுதினான்.

ராஜகுமாரனுக்கு ஒரு சட்டம், கூலிக்கு ஒரு சட்டம்

1868-க்குப் பிறகு ஜப்பானில் புதிய ஆட்சி. மேல்நாட்டார் நம்மைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துவிடுவார்களே என்ற கவலை அதற்கு. 1871-ல் வடக்கே ஐனு இனப் பெண்களின் பச்சைக்குத் தடை. 1872-ல் நகரத்து உழைப்பாளிகளின் பச்சைக்குத் தடை. 1899-ல் தெற்கே ஒக்கினாவாப் பெண்களின் கைப்பச்சைக்குத் தடை. குத்தினாலும் குற்றம், குத்திக்கொண்டாலும் குற்றம். ஹோரிஷிகள் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்து தொழில் செய்தார்கள்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். 1881-ல் பிரிட்டிஷ் ராஜகுமாரர் ஜார்ஜ் கடற்படைக் கப்பலில் ஜப்பானுக்கு வந்தார். வந்தவர் கையில் நாகம் குத்திக்கொண்டு போனார். போலீஸ் வந்ததா? வரவில்லை! 1911-ல் டில்லியில் தர்பார் நடத்தி, “நானே இந்தியாவின் சக்கரவர்த்தி” என்று உட்கார்ந்த ஐந்தாம் ஜார்ஜ் இவர்தான். 1891-ல் ரஷ்ய இளவரசர் நிக்கலஸ் வந்தார். நாகசாகியில் அவரும் வலது கையில் நாகம் குத்திக்கொண்டார். பிறகு ஜார் மன்னனாகி, 1917-ல் ரஷ்யத் தொழிலாளரும் விவசாயிகளும் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்களே, அதே நிக்கலஸ்தான். அந்த நாகம் அவரைக் காப்பாற்றவில்லை.

அதே நாகம், அதே ஊசி. பல்லக்குத் தூக்கியின் முதுகில் இருந்தால் காட்டுமிராண்டித்தனம். பல்லக்கில் உட்காருகிறவன் கையில் இருந்தால் கலை! இதுதான் வர்க்க நியாயம்.

இந்தத் தடை யுத்தம் முடிந்து 1948-ல்தான் நீங்கியது. சட்டம் நீங்கியதே தவிர, வெறுப்பு நீங்கவில்லை. ஜப்பானில் பல பொதுக் குளியல் இடங்களில் பச்சை குத்தியவர்களை இன்றும் உள்ளே விடுவதில்லை. 2013-ல் நியூஜிலாந்திலிருந்து வந்த மாவோரி இனத்துப் பெண்மணி ஒருவர், தம் முன்னோர் வழக்கப்படி முகத்தில் குத்தியிருந்த காரணத்தாலேயே ஹொக்கைடோவில் ஒரு வெந்நீர்க் குளியலிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டார்.

சந்தைக்கு வந்த தோல்

கை ஊசி போய் மிஷின் வந்தது. எடிசன் 1876-ல் பேட்டன்ட் வாங்கிய மின்சாரப் பேனாவின் தத்துவத்தைத் தழுவி, 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரைலி என்பவர் பச்சை குத்தும் மிஷினுக்குப் பேட்டன்ட் வாங்கினார். வேலை வேகமாயிற்று. வேகம் வந்த இடத்தில் வியாபாரமும் வந்தது. 1976-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் பச்சை குத்துவோர் மகாநாடு கூடியது. 1982-ல் கலிபோர்னியாவில், கரையில் கட்டிப்போட்ட குவீன் மேரி என்ற பழைய பிரிட்டிஷ் கப்பலில் ஒரு மகாநாடு. இன்று ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பெரிய நகரங்களில் எல்லாம் நடக்கிறது.

தொழில் செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்து, வித்தையைக் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஒளிந்து செய்த தொழில் வெளிச்சத்துக்கு வந்ததும் நல்லதுதான். ஆனால் மகாநாட்டில் யார் சம்பாதிக்கிறார்கள் என்று கணக்குப் பாருங்கள். ஊசி பிடிப்பவர் தம் கைக்காசில் விமானச் சீட்டு வாங்க வேண்டும். தங்குமிடம் பிடிக்க வேண்டும். கடைக்கு வாடகை கட்ட வேண்டும். மூன்று நாள் முதுகு வளைந்து குத்தினால்தான் போட்ட பணம் திரும்பும். நடத்துகிறவருக்கோ கடை வாடகை ஒரு பக்கம், வாசல் சீட்டுப் பணம் மறு பக்கம். மை விற்கும் கம்பெனிக்கும் மிஷின் விற்கும் கம்பெனிக்கும் விளம்பரம் வேறு.

காசு இருக்கிறவன் பல நாட்டு வித்தைக்காரர்களின் வேலையைத் தன் உடம்பில் ‘சேகரிக்கிறான்’. முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்து, ஒருவரிடம் முதுகு, இன்னொருவரிடம் கை என்று பயணம் போகிறான். அது அவன் ஆசை, அவன் காசு. நமக்கு அதில் வழக்கில்லை. காசில்லாதவன் கதி என்ன? அதுதான் நம் கேள்வி.

டோக்கியோவில் மசாயிச்சி ஃபுகுஷி என்ற டாக்டர் இருந்தார், 1956-ல் காலமானார். பச்சை குத்தியவர்கள் இறந்த பிறகு அவர்களுடைய தோலை உரித்துப் பதப்படுத்திச் சேகரித்தார். பணமில்லாமல் பாதியில் நின்ற ஏழைகளுக்கு, செத்த பின் தோலைத் தருவதாக ஒப்புக்கொண்டால், மீதியைக் குத்தப் பணம் கொடுத்தார். அவர் சேர்த்த தோல்கள் டோக்கியோ சர்வகலாசாலையின் மருத்துவக் காட்சிசாலையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. விஞ்ஞானம் என்று சொல்லட்டும், மறுக்கவில்லை. ஆனால் அரை நாகத்தை முழு நாகமாக்க ஏழையிடம் விற்பதற்கு என்ன இருந்தது? தன் பிணத்தின் தோல்தான் இருந்தது.

அது பழைய கதை என்பீர்கள். புதிய கதையைக் கேளுங்கள். பெல்ஜியத்து ஓவியர் விம் டெல்வோய், சுவிட்ஜர்லாந்து நாட்டு இளைஞர் ஒருவரின் முதுகில் சுமார் 40 மணி நேரம் படம் குத்தினார். 2008-ல் ஒரு ஜெர்மன் சேகரிப்பாளர் அந்த முதுகை 1,50,000 யூரோவுக்கு விலைக்கு வாங்கினார். அந்தப் பணத்தை ஓவியரும், விற்ற காட்சிக்கூடமும், முதுகுக்காரரும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி அந்த இளைஞர் காட்சிக்கூடங்களில் சட்டையில்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவின் காட்சிசாலையில் மாதக்கணக்கில் மணிக்கணக்கில் அப்படி உட்கார்ந்தார். அவர் இறந்த பிறகு தோலை உரித்துச் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

அவர் மனமொப்பித்தான் கையெழுத்துப் போட்டார். மில் வாசலில் நாமும் மனமொப்பித்தான் கையெழுத்துப் போடுகிறோம்! மனிதனின் உழைப்பை விலைபேசிய முதலாளித்துவம் மனிதனின் தோலையும் விலைபேசாமல் விடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஊசி பிடிப்பவரும் தொழிலாளிதான்

நகரத்துக் குளிர்பதனக் கடையில் ஊசி பிடிக்கும் வாலிபர் யார்? பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது; செய்த வேலைக்குத்தான் காசு. அந்தக் காசிலும் கடைக்காரர் பங்கு எடுத்துக்கொள்கிறார். சரிபாதி எடுப்பதும் உண்டு. எட்டு மணி நேரம் கழுத்தைக் குனிந்து, மணிக்கட்டை அசைத்துக்கொண்டே இருந்தால் நாற்பது வயதில் கழுத்தும் முதுகும் என்ன ஆகும்? தறியில் நிற்கிற நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் அடுத்தவர் ரத்தத்தோடு பழகுகிற வேலை. ஊசி தவறிக் கையில் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி வரலாம். எய்ட்ஸ் கிருமியும் வரலாம்.

ஜப்பானில் 2015-ல் ஒசாகாவைச் சேர்ந்த பச்சைத் தொழிலாளி ஒருவர்மீது வழக்குப் போட்டார்கள். குற்றம் என்ன? டாக்டர் லைசென்ஸ் இல்லாமல் ஊசி குத்தியது! பச்சை குத்துவது வைத்தியமாம்! 2017-ல் கீழ்க்கோர்ட்டு 1,50,000 யென் அபராதம் போட்டது. அவர் பணியவில்லை. 2018-ல் மேல்கோர்ட்டு விடுதலை செய்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும், இது வைத்தியமல்ல, டாக்டர் லைசென்ஸ் தேவையில்லை என்று முடித்தது. ஒரு தனித் தொழிலாளி அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அதனால் ஒரு தொழிலே பிழைத்தது.

மை விஷயத்தையும் கவனியுங்கள். ஊசி மேல்தோலைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே மையை வைக்கிறது. உடம்பின் காவல் அணுக்கள் அதை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. அப்படியே சுமந்துகொண்டிருக்கின்றன. அதனால்தான் பச்சை அழிவதில்லை. சாயப் பட்டறையில் வேலை செய்கிறவனுக்குச் சாயத்தின் குணம் தெரியும். பெயிண்டுக்கும் அச்சுக்கும் செய்த நிறப்பொடிகளே இந்த மைகளிலும் சேருகின்றன. ஐரோப்பிய யூனியன் 2022 ஜனவரி முதல் பச்சை மையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. ஐரோப்பியன் தோலுக்கு ஆகாத மை திருவிழாக் கடையில் நம் பிள்ளைகளின் தோலுக்கு மட்டும் ஆகுமா?

மேயர் கேட்ட கேள்வி

2012-ல் ஒசாகா நகர மேயர் ஹாஷிமோட்டோ, நகரசபை ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். “உன் உடம்பில் பச்சை உண்டா? எங்கே? எவ்வளவு பெரியது?” 110 பேர் அளவில் உண்டு என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார்? நகரத்தின் குப்பையை அள்ளும் தொழிலாளிகள்! குப்பையை அள்ளும்போது அவர்களுடைய முதுகு யாருக்கும் உறுத்தவில்லை. முதுகில் படம் இருப்பதுதான் உறுத்தியது.

பதில் சொல்ல மறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை. இருவர் கோர்ட்டுக்குப் போனார்கள். கீழ்க்கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2015-ல் மேல்கோர்ட்டு அதைப் புரட்டியது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டும் கைவிட்டது. இன்று முதுகைக் கேட்ட முதலாளி நாளை எதைக் கேட்க மாட்டான்? சங்க உறுப்பினர் சீட்டு பையில் இருக்கிறதா என்று கேட்பான்!

நம் நாட்டிலும் இதே கதைதான். கூலி விவசாயியின் மகன் மத்திய ஆயுதப் போலீஸ் படைக்கு ஓடிப் பழகுகிறான். எடை தூக்கிப் பழகுகிறான். வலது கையில் பச்சை இருந்தால் போச்சு. அது சலாம் போடுகிற கையாம்! இடது முன்கையின் உட்புறம் போன்ற வழக்கமான இடங்களில், அந்த உறுப்பின் கால் பங்குக்கும் குறைவாக இருந்தால் மட்டுமே அனுமதி. பதினாறு வயதில் திருவிழாவில் குத்திய பெயர் ஒன்று, இருபது வயதில் பிழைப்பைத் தடுக்கிறது. அழிப்பதற்குக் கடன் வாங்கி லேசர் வைத்தியத்துக்கு ஓடுகிறான். காசில்லாதவன் ஆசிட்டை ஊற்றிக்கொள்கிறான். துப்பாக்கி பிடிக்கிற கைக்குப் பலம் வேண்டும், தெம்பு வேண்டும். படம் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

நாம் சொல்வது என்ன?

வாலிபத் தோழனே, உனக்குத் தடை போட நாங்கள் வரவில்லை. உன் முதுகு உன்னுடையது. ஆனால் நாலு விஷயம் கேட்டுக்கொள்.

பெரிய பச்சை என்பது பெரிய புண். அது ஆறுகிற வரை சேற்றில் இறங்கக் கூடாது. சாயத் தொட்டியில் கை விடக் கூடாது. பஞ்சுத் தூசும் வேர்வையும் படக் கூடாது. காசுள்ளவன் மூன்று வாரம் நிழலில் இருப்பான். உனக்கு லீவு யார் கொடுப்பது? லீவு போட்டால் கூலியை யார் கொடுப்பது? அதனால் புண்ணோடு வேலைக்குப் போகாதே. படத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்காதே. புது ஊசியை உன் கண் முன் பிரிக்காத இடத்தில் கையை நீட்டாதே.

இன்னொன்றும் உண்டு. அதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம். சாதிப் பெயரையும் சாதிச் சின்னத்தையும் சிலர் கையில் குத்திக்கொண்டு திரிகிறார்கள். எடோ நகரத்து உழைப்பாளி, ஆண்டவன் போட்ட குறியை மறைத்துத் தன் படத்தைக் குத்தினான். நீயோ ஆண்டையின் குறியைக் காசு கொடுத்து வாங்கிக் குத்திக்கொள்கிறாய்! பக்கத்துத் தறிக்காரனும் நீயும் ஒரே போனஸுக்குப் போராட வேண்டியவர்கள். உன் கைப்பச்சை அவனைப் பார்த்து முறைத்தால் சிரிப்பது யார்? முதலாளிதான் சிரிப்பான்.

சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. தோலைப் பார்த்து வேலை கொடுப்பதும் தோலைப் பார்த்து வேலை பறிப்பதும் ஒழிய வேண்டும். படைத் தேர்வு விதிகளைத் திருத்த வேண்டும். மைக்கும் ஊசிக்கும் கண்டிப்பான சட்டம் இங்கேயும் வேண்டும். திருவிழாக் கடை வரை அது எட்ட வேண்டும். கடையில் குத்தும் வாலிபருக்கும், கூடையோடு கிராமம் கிராமமாகப் போகும் குறவர் சமூகப் பெண்ணுக்கும் நலவாரியப் பாதுகாப்பும் மருத்துவ உதவியும் ஓய்வூதியமும் வேண்டும். அவர்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும்.

முதுகு சுமை தூக்கும், மூட்டை தூக்கும், நாற்று முடியும் தூக்கும். அதில் என்ன எழுத வேண்டும், எழுத வேண்டாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த முதுகின் சொந்தக்காரனுக்கே உண்டு. ஆண்டைக்கும் இல்லை, மேயருக்கும் இல்லை, விலைபேசுகிற வியாபாரிக்கும் இல்லை.

உழைப்பவன் உடம்பு உழைப்பவனுக்கே!